ராத்திரி லைட்டும் பார் மீனும்: பாம்பன் பக்கம் எல்லாரும் கேக்குற கேள்விங்க

நான் பாம்பன்காரன். அப்பா கூடு வெச்சு பார் மீன் புடிச்சவரு, நான் கடலுக்குப் போகாம பிள்ளைகளுக்கு சயின்ஸ் டியூஷன் எடுத்து காலத்த ஓட்டுறேன். ஒருநா டியூஷன்ல பேச்சுவாக்குல "தெருலைட்டு மீனோட தூக்கத்தக் கெடுக்குது"ன்னு சொல்லிட்டேன், பிள்ளைக அத அப்படியே வீட்ல போய் ஒப்பிச்சுட்டாங்க போல. அதுல இருந்து டீக்கடை, ஏலம் விடுற எடம், கல்யாண வீட்டுப் பந்தின்னு எங்க போனாலும் யாராச்சும் மடக்கி இதையே கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு பதிலையும் எழுதிட்டேன். வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு: "பார்"னு நாங்க சொல்றது கடலுக்கடியில பாறையோ பவளமோ திட்டுத்திட்டா இருக்கிற எடம். தென்கடல்னா மன்னார் வளைகுடா, வடகடல்னா பாக் ஜலசந்திப் பக்கம்.

வெளிச்சம் எப்படிப்பா மாசு ஆகும்? அது என்ன பிளாஸ்டிக்கா, சாயத்தண்ணியா?

சத்தத்த யோசிச்சுப் பாருங்க மாமா. கோயில் திருவிழால ஸ்பீக்கர் கட்டுனா சந்தோஷம், அதே ஸ்பீக்கர் ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்துனா? வெளிச்சமும் அதே கதைதான், எங்க, எப்ப, எம்புட்டுங்கிறதுதான் விஷயம். கடல்ல உயிரு உண்டான காலத்துல இருந்து பகல்னா வெளிச்சம், ராத்திரின்னா இருட்டு, நடுவுல நிலா வளந்து தேயும். மீனோட ஒடம்புக்குள்ள ஓடுற கடிகாரம் இத வெச்சுதான் செட் ஆகியிருக்கு. எப்ப திங்கணும், எப்ப ஒளியணும், எப்ப முட்ட வைக்கணும்னு அந்தக் கடிகாரம்தான் சொல்லும். கரண்டு வந்து நூறு வருஷம் சொச்சம், வெள்ளை எல்இடி நம்ம பக்கம் கரையோரம் பூரா வந்தது இப்ப பத்துப் பதினஞ்சு வருஷத்துல. அதுக்குள்ள மீனு கடிகாரத்த மாத்திக்க முடியாது.

கரையில எரியிற லைட்டு கடலுக்குள்ள போகுமா என்ன? மேலயே பட்டுத் திரும்பிருமே

கொஞ்சம் திரும்பும், மிச்சம் உள்ள போகும். தண்ணி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி விடாது. செவப்பு சீக்கிரமே செத்துரும், நீலமும் பச்சையும்தான் ஆழத்துக்குப் போகும். இப்ப எங்க பாத்தாலும் மாட்டுற வெள்ளை எல்இடில நீலந்தான் தூக்கலா இருக்கு. பழைய சோடியம் வேப்பர் லைட்டு மஞ்சளா எரியும், ஞாபகம் இருக்கா, அதுல நீலம் ரொம்பக் கம்மி. கரண்டு மிச்சம்னு மாத்துனோம், மாத்துனது தண்ணிக்குள்ள இன்னும் ஆழமாப் போற வெளிச்சமாப் போச்சு.

2021ல ஒரு கணக்கு எடுத்தாங்க. உலகம் பூரா கரையோரக் கடல்ல சுமார் 19 லட்சம் சதுர கிலோமீட்டர்ல, ஒரு மீட்டர் ஆழத்துல, கடல் உயிருங்க உணர்ற அளவுக்கு செயற்கை வெளிச்சம் இருக்குதாம். இருபது மீட்டர் ஆழத்துலயே 8 லட்சத்து 40 ஆயிரம் சதுர கிலோமீட்டர். தென்கடல்ல நம்ம தீவுகளச் சுத்தி இருக்கிற பார் இருபது மீட்டர்லயா கெடக்கு? ஒரு பாகம் ரெண்டு பாகத்துலயே (பாகம்னா ஆறடி ஆழம்) காலு தட்டும். குந்துகால்ல நின்னு பாத்தா எதுக்க குருசடைத் தீவு தெரியுதே, அம்புட்டுதான் தூரம். நேரா அடிக்கிற லைட்டு போக, ஊரு வெளிச்சம் மேகத்துல பட்டு ஆரஞ்சா வெள்ளையா ஒரு பொகை மாதிரி வானத்துல நிக்கும் பாருங்க, அது கீழ எறங்கி ரொம்ப தூரத்துக்கும் விழும். தனுஷ்கோடியில நடு ராத்திரி நின்னு ராமேஸ்வரம் பக்கம் திரும்பிப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

மீன் தூங்குமா சார்? கண்ண மூடவே மூடாதே

ஆறாப்பு படிக்கிற பிள்ளை கேட்டது, எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. எமை கெடையாது, அதனால மூட முடியாது, ஆனா தூங்கும். பார்ல ரெண்டு ஷிப்ட் ஓடுது. கிளிமீனு, ஓரா, கிளாத்தி எல்லாம் பகல் ஷிப்ட், பொழுது சாஞ்சதும் ஆளுக்கொரு பொந்தப் பாத்து ஒதுங்கிரும். கிளாத்தி முதுகு முள்ளத் தூக்கி பொந்துக்குள்ளயே தன்னைப் பூட்டிக்கும், நீங்க இழுத்தாலும் வராது. கிளிமீனுல சில வகை வாயில இருந்து கோழை மாதிரி ஒண்ண விட்டு ஒடம்பச் சுத்தி கொசுவலை கட்டிக்கும். கொசுவலைன்னு சும்மா சொல்லல, ராத்திரியில ரத்தம் குடிக்க வர்ற பொடி ஒட்டுண்ணிய அது தடுக்குதுன்னு சோதிச்சே பாத்திருக்காங்க.

அதுங்க படுத்ததும் நைட் ஷிப்ட் ஆரம்பிக்கும். பெரிய கண்ணு வெச்ச செவத்த மீனுக, அஞ்சாளை, நண்டு, சிங்கி எறா எல்லாம் வெளிய வரும். தண்ணில மிதக்குற பொடி உயிரு, அதாங்க பிளாங்டன், அதுவும் ராத்திரியிலதான் ஆழத்துல இருந்து மேல ஏறி வரும், விடியிறதுக்குள்ள எறங்கிரும். இந்த ஷிப்ட் மாத்துற சங்குதான் இருட்டு. அடுத்து வர்ற பதில்ல பாதி இந்த சங்கப் பத்தினதுதான்.

லைட்டுக்குக் கீழ மீன் எம்புட்டு சேருது, நானே படகுத்துறை ஜெட்டியில பாத்திருக்கேன். அப்ப நல்லதுதானே?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், கேக்குற ஆளு கையில பெரும்பாலும் ஒரு தூண்டில் இருக்கும்.

நானும் பாத்திருக்கேன், மணிக்கணக்கா பாத்திருக்கேன். ஒரு ஜெட்டியில தண்ணிக்கு மேலயே சாஞ்சாப்புல ஒரு லைட்டு. மொதல்ல பூச்சி மாதிரி பொடி உயிரு வந்து வெளிச்சத்துல சுத்தும். அதத் திங்க நெத்தலியும் சூடையும் வரும், வட்டமா, வெள்ளித் தட்டச் சுத்திவிட்ட மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். இம்புட்டுதான் நம்ம கண்ணுக்குத் தெரியும். வெளிச்ச வட்டம் முடியிற எடத்துல, ஜெட்டித் தூணு நெழல்ல, முரலு ஒண்ணு குச்சி மாதிரி அசையாம நிக்கும். அதுக்கும் பின்னால சீலா. திடீர்னு பாரை மீனு ரெண்டு மூணு கீழ இருந்து பாஞ்சு வந்து வட்டத்த ஒடைக்கும், தண்ணி கொதிக்கிற மாதிரி ஆகும், அப்புறம் வட்டம் மறுபடி சேரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதா.

லைட்டு மீன உண்டாக்கல மாமா, அங்கிட்டு இங்கிட்டு இருந்தத ஒரே எடத்துல கூட்டுச்சு. கூடுறதும் பெருகுறதும் ஒண்ணு கெடையாது. சந்தையில கூட்டம் இருக்குன்னா ஊர்ல புதுசா பிள்ளை பொறந்துச்சுன்னா அர்த்தம்? ஒளிஞ்சிருக்க வேண்டியது வெளிய வந்து நிக்குது, வேட்டைக்காரனுக்கு ராத்திரியிலயும் கண்ணு தெரியுது. சிட்னி துறைமுகத்துல ஒரு ஜெட்டிக்கு அடியில லைட்டப் போட்டும் அணைச்சும் பாத்தாங்க, லைட்டு போட்ட ராத்திரியில மீனுக பகல் மாதிரியே வேட்டையாடுதுன்னு தெரிஞ்சுச்சு. பவளப் பார்லயும் வெளிச்சம் போட்ட எடத்துல ராத்திரி வேட்டை மீனு கூடுதலா நிக்குதுன்னு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு. கூட்டத்தப் பாத்து பெருக்கம்னு நெனைக்கிற இந்த மயக்கம் இன்னும் ரெண்டு எடத்துல வரும், அங்க இத ஞாபகம் வெச்சுக்கங்க.

பௌர்ணமியும் வெளிச்சந்தானே? அதுல சாகாத மீனு ஒரு பல்புலயா செத்துரும்?

கடலுக்குப் போறவரு கேட்டாரு, அவருகிட்டயே பதிலும் இருக்கு. நிலாக் காலத்துல வலை தெரிஞ்சு மீனு வெலகிப் போகுது, இருட்டுக் காலத்துலதான் பாடு நல்லா இருக்குன்னு அவருதானே சொல்றாரு? அப்ப நிலாவுக்கே மீனோட நடத்த மாறுது.

அளவு சொல்றேன். வெளிச்சத்த லக்ஸ்னு அளப்பாங்க. நல்ல பௌர்ணமி உச்சிக்கு வந்தாலே கால் லக்ஸ் பக்கம்தான், அமாவாசை ராத்திரி நட்சத்திர வெளிச்சம் அதுல நூத்துல ஒரு பங்கு கூடக் கெடையாது. தெருலைட்டுக்கு நேர் கீழ பத்து இருபது லக்ஸ். அப்ப பல்புக்கு அடியில இருக்கிற மீனுக்கு ஒரே நேரத்துல நாப்பதுல இருந்து எம்பது பௌர்ணமி.

அத விட பெரிய விஷயம் நேரம். நிலா நித்தம் ஒரே மாதிரி வராது. பௌர்ணமி கழிஞ்சதும் தெனம் முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம் தள்ளித்தான் உதிக்கும், அப்ப சூரியன் போனதுக்கும் நிலா வர்றதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் கும்மிருட்டு கெடைக்கும். இந்த இருட்டு இடைவெளியக் கணக்கு வெச்சுதான் சில பவளம் எந்த ராத்திரி முட்ட விடணும்னு முடிவு பண்ணுதுன்னு தைவான்ல கண்டுபுடிச்சாங்க. பல்பு ஆறு மணிக்கு வரும், விடியக்காலம் போகும், முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும். அந்த இடைவெளியே இல்லாமப் போயிருது.

முட்டைக்கும் குஞ்சுக்கும் என்ன ஆகும்?

இங்கதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. கோமாளி மீன் தெரியும்ல, ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்டது, பூ மாதிரி விரிஞ்சு கெடக்குற கடல்சாமந்திங்கிற உயிருக்குள்ள குடியிருக்கும். நம்ம தென்கடல்லயும் அந்தக் குடும்பத்துல வேற வகை இருக்கு, மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல குஞ்சு பொரிக்க வெச்சு வளத்தும் இருக்காங்க. பொம்பள மீனு சாமந்திக்குப் பக்கத்துல பாறையில முட்ட வைக்கும், ஆம்பள மீனுதான் காவல். வாலாலயும் செட்டையாலயும் விசிறி விட்டுக்கிட்டே இருக்கும், கெட்ட முட்டையப் பொறுக்கித் தள்ளும். ஒரு வாரம் பக்கம் ஆனதும் பொழுது விழுந்து கொஞ்ச நேரத்துல, நல்லா இருட்டுனதும், மொத்தமா பொரிக்கும். ஏன் இருட்டுல? பகல்ல பொரிச்சா பொடி உயிரத் திங்கிற மீனுக வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும்ல.

ஆஸ்திரேலியாவுல எமிலி ஃபோபர்ட்ங்கிற விஞ்ஞானியும் கூட இருந்தவங்களும் 2019ல இத சோதிச்சாங்க. அஞ்சு ஜோடி சாதாரண இருட்டுல, அஞ்சு ஜோடிக்கு ராத்திரியிலயும் தொட்டிக்கு மேல எல்இடி. முட்ட வைக்கிறதுல வித்தியாசம் இல்ல, கரு புடிக்கிறதுலயும் இல்ல. லைட்டு போட்ட பக்கம் பொரிச்ச குஞ்சு எத்தனை தெரியுமா? பூஜ்யம். கம்மின்னு இல்ல, ஒண்ணு கூட இல்ல. ராத்திரியே வரலன்னு நெனச்சு குஞ்சு முட்டைக்குள்ளயே காத்திருந்து செத்துப் போச்சு. இதுல கொடுமை என்னன்னா வெளிய இருந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். அப்பன் மீனு விசிறிக்கிட்டு நிக்கும், முட்டை கண்ணு வெச்சு மின்னும், நாமளும் "நல்லா இருக்குது"ன்னு போயிருவோம்.

அது கண்ணாடித் தொட்டியில பண்ணதுதானே? நெசக் கடல்ல அப்படி ஆகுமா?

நல்ல சந்தேகம், தொட்டியில நடக்குற எல்லாம் கடல்ல நடக்காதுதான். அதனாலதான் பசிபிக் நடுவுல மூரியாங்கிற தீவுல நெசக் கடல்லயே பாத்தாங்க. இன்னொரு வகை கோமாளி மீனோட சின்னக் குஞ்சு இருந்த சாமந்திகளுக்குப் பக்கத்துல தண்ணிக்கடியிலயே எல்இடி வெச்சு, ஒண்ணரை வருஷத்துக்கும் மேல தெனம் ராத்திரி எரியவிட்டாங்க. 2021ல முடிவு வந்துச்சு. இருட்டுல இருந்ததுகளோட பாத்தா வெளிச்சத்துல இருந்ததுக 36 சதவீதம் கூடுதலா செத்திருக்கு, பொழைச்சதுகளோட வளர்ச்சி 44 சதவீதம் கம்மி.

கோமாளி மீனு சாமந்திய விட்டு நகராது, அதக் கவனிக்கணும். பாரை மாதிரி ஓடுற மீனு புடிக்கலன்னா வேற எடம் போயிரும். ஒரே பொந்துல, ஒரே கல்லுல காலம் பூரா கெடக்குற மீனுக்குத்தான் அடி அதிகம். நம்ம வீட்டு ஜன்னலுக்கு எதுக்க ஹைமாஸ்ட் லைட்டுக் கம்பம் நட்டுட்டு, வீட்டையும் மாத்தக் கூடாது, திரைச்சீலையும் போடக் கூடாதுன்னா எப்படி இருக்கும்?

லைட்டு போட்டா மீனு சீக்கிரம் வளரும்னு மீன் குஞ்சு பொரிக்க வெக்கிற ஹேட்சரில வேலை பாத்த பையன் சொல்றானே?

அவன் பொய் சொல்லல. ஹேட்சரில குஞ்சுக்கு வெளிச்சம் இருந்தா தீவனம் தெரியும், கூட நேரம் திங்கும். அங்க அதத் திங்க எவனும் இல்ல, வேளாவேளைக்குத் தீவனமும் விழுது.

இதே மூரியாவுல உடம்புல கறுப்புக் கோடு போட்ட, வாலுகிட்ட கத்தி மாதிரி முள்ளு இருக்கிற ஒரு மீன எடுத்துக்கிட்டாங்க, பாசி மேயுற வகை. அதோட குஞ்சு வெளிக்கடல்ல இருந்து பாருக்கு வந்து சேர்ற பருவத்துல இருட்டான எடமா வெளிச்ச எடமான்னு விட்டா, வெளிச்சத்தையே தேடிப் போச்சு. அங்க நல்லா கொழுகொழுன்னு வளரவும் செஞ்சுச்சு. ஆனா வேட்டை மீன உள்ள விட்டதும் வெளிச்சத்துல வளந்ததுகதான் அதிகமா மாட்டுச்சு. இதுதான் ரெண்டாவது மயக்கம். ஒரு நாள் தராசுல நிறுத்தா லாபம், பருவம் முடிஞ்சு எத்தனை மிஞ்சுச்சுன்னு எண்ணுனா நட்டம்.

பவளத்துக்குமா? அது கல்லுதானே

கல்லு இல்ல அக்கா, கல்லுக்குள்ள குடியிருக்கிற உயிரு. கண்ணு கெடையாது, ஆனா நீல வெளிச்சத்த உணர்ற புரதம் ஒடம்புல இருக்கு, நிலாவ அத வெச்சுதான் தெரிஞ்சுக்குது. வருஷத்துல ஒரு சில ராத்திரியில பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பவளமெல்லாம் சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணா முட்டையும் விந்தும் தண்ணில விடும். நம்ம பக்கம் மான்கொம்பு பவளம் மார்ச், ஏப்ரல் வாக்குல பௌர்ணமிய ஒட்டி விடும். நாள் தப்புனா ஒண்ணு விட்டது இன்னொண்ணோட சேராது. 2023ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ரெண்டாயிரத்துச் சொச்சம் பதிவ வெச்சுப் பாத்தாங்க, வெளிச்சம் விழுற பார்ல ஒண்ணுல இருந்து மூணு நாள் வரைக்கும் பௌர்ணமிக்கு நெருங்கி விட்டுருதாம். மீன் கதையில இது எதுக்குன்னா, பவளம் இல்லன்னா பொந்து இல்ல, பொந்து இல்லன்னா மேல சொன்ன பகல் ஷிப்ட் எங்க போய்ப் படுக்கும்?

எல்இடி போட்டு மீன் புடிக்கிறது தடைன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

சொந்தக்காரங்க. 2017 நவம்பர்ல மத்திய அரசு எல்இடி மாதிரி செயற்கை வெளிச்சம் போட்டு மீன் புடிக்கிறத நம்ம பொருளாதார மண்டலம் பூரா, அதாவது கரையில இருந்து 200 கடல் மைல் வரைக்கும், தடை பண்ணிருச்சு. ஜெனரேட்டர வெச்சு பளிச்சுன்னு எரிய விட்டா பெருசு சிறுசு, சினை மீனு, குஞ்சு எல்லாம் ஒண்ணாக் கூடும், மொத்தமா வளைச்சு அள்ளிருவாங்க. நாட்டுப்படகுக்காரனுக்கு மறுநாள் வெறுங்கடல். ஜெட்டி லைட்டுல நான் பாத்த அதே வட்டந்தான், பாரைக்குப் பதிலா மடி வலை.

தங்கச்சிமடத்துல ஒரு தம்பி என்கிட்ட சண்டைக்கே வந்தான், "அப்ப கரையில எரியிற லைட்டுக்கு மட்டும் ஏன் தடை இல்ல"ன்னு. அவன் கேட்டது நியாயம். கடல்ல லைட்டு போட்டா மீன் கூடும், அது ஆபத்துன்னு சட்டமே ஒத்துக்கிட்டாச்சு. கரையில இருந்து அதே வெளிச்சம் பார் மேல விழுந்தா அழகுன்னு பேரு.

பச்சைத் தண்ணி வந்து மீனா செத்து ஒதுங்குச்சே, அது லைட்டாலயா?

இல்ல. இத எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்றேன், ஏன்னா எது நடந்தாலும் இப்ப லைட்டு மேல போட ஆரம்பிச்சுட்டாங்க. 2019 செப்டம்பர்ல தண்ணி பச்சையாகி நாறுனது நாக்டிலுகாங்கிற பொடி உயிரு கணக்கில்லாமப் பெருகுனதால. அது அழுகி தண்ணில இருந்த ஆக்சிஜன உறிஞ்சிருச்சு, மீனும் மூச்சு முட்டிச் செத்துச்சு, சிங்கிள் தீவுப் பக்கம் பவளமும் செத்துச்சு. லைட்டு இப்படி ஒரே நாள்ல மீனக் கொன்னு கரையில ஒதுக்காது. அது செய்யிறது சத்தமில்லாத வேலை, பொரிக்க வேண்டியது பொரிக்காது, ஒளிய வேண்டியது ஒளியாது. செத்த மீன எண்ணலாம், பொறக்காத மீன எப்படி எண்ணுவீங்க?

கடல் சூடாகுது, இரட்டைமடி வலை அரிச்சு எடுக்குது, இதுல பல்பு ஒரு பிரச்சனையா?

வரிசைப்படுத்தச் சொன்னா நான் பல்ப மொதல்ல வைக்க மாட்டேன். நம்ம பவளத்த வெளுக்க வெச்சது சூடுதான், 2010லயும் 2016லயும் பாத்தோம். இரட்டைமடி பத்தி நான் சொல்லவே வேணாம். தீவு 21 இருந்ததுல ரெண்டு தண்ணிக்குள்ள முங்கிப் போனதுக்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்ல, பவளக் கல்ல வெட்டி எடுத்ததுக்கு அதுல பங்கு உண்டு.

ஆனா கடல் சூட்ட பாம்பன் பஞ்சாயத்து தீர்மானம் போட்டுக் கொறைக்க முடியுமா? லைட்டு முடியும். வெளுத்து, தப்பிப் பொழைச்ச பவளமும் அத நம்பி இருக்கிற குஞ்சும் ஏற்கனவே நோஞ்சான். நோஞ்சான் பிள்ளைய ராத்திரி தூங்க விடுங்கங்கிறேன், அம்புட்டுதான்.

லைட் ஹவுசையும் அணைக்கச் சொல்லுவீங்களோ?

கீழக்கரையில ஒரு காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்புடுவாங்க) கேட்டாரு, கேலியாத்தான். இல்ல காக்கா, அது எரியட்டும். அது வந்து வந்து போற வெளிச்சம், தூரத்துக்குக் கெடமட்டமா அடிக்கிறது, பார் மேல ராத்திரி பூரா நெலையா நிக்கிறது இல்ல. படகுல போட வேண்டிய அடையாள லைட்டும் போட்டே ஆகணும், உயிரு விஷயம். நான் சொல்றது அழகுக்காக தண்ணியப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கிற லைட்டுகள.

விடியக்காலம் மூணு மணிக்கு ஏலத்துக்குப் போறோம், இருட்டுல எங்கள யாரு பாத்துக்குவா?

மீன் விக்கிற அக்காக்க கேட்டது. இந்தக் கேள்விக்கு மின்னாடி எல்லாம் எங்கிட்ட ஒழுங்கான பதில் இருந்ததில்ல, மீன் மீன்னு பேசி பொம்பளைங்க நடக்குற பாதைய மறந்துட்டேன். அவங்கதான் திருத்துனாங்க.

பாதையிலயும் ஏலம் விடுற எடத்துலயும் வெளிச்சம் கண்டிப்பா வேணும். அது கீழ தரையப் பாத்து விழணும். ஒரு எடத்துல கம்பத்துல இருந்த லைட்டோட பாதி வெளிச்சம் கடல்லதான் விழுந்துச்சு, நடக்குற பாதை இருட்டு. கடல் பக்கம் தகரத்துல ஒரு மறைப்பு வெச்சு, தலைய தரைப்பக்கம் திருப்புனாங்க. பாதை மின்ன விட பளிச்சுன்னு ஆச்சு, தண்ணி கறுத்துருச்சு. வேலைக்கு ஆன நேரம் ஒரு மத்தியானம்.

மஞ்சள் லைட்டு மாட்டுனா போதுமா?

போதாது, ஆனா வெள்ளைக்குத் தேவலாம். நீலம் கம்மின்னா ஆழத்துக்குப் போறது கம்மி, அது ரெண்டாவது பதில்லயே இருக்கு. ஆனா நம்ம பார் ஆழம் இல்லாத பார், அதனால பளிச்சுன்னு எரியிற மஞ்சளும் போய்ச் சேரத்தான் செய்யும். என்னக் கேட்டா வரிசை இப்படி: தேவையில்லன்னா அணைங்க, தேவைன்னா கீழ பாத்துத் திருப்புங்க, அப்புறம் அளவக் கொறைங்க, கடைசியா நிறத்த மாத்துங்க. எல்லாரும் கடைசியில இருந்து ஆரம்பிக்கிறாங்க, பல்பு மாத்துறது சுலுவுல்ல.

கடலோரம் ரூம் கட்டி விடுறவங்களுக்குத் தனியா ஒண்ணு: தண்ணிக்கடியில கலர் லைட்டு வெக்காதீங்க. விருந்தாளி பத்து நிமிஷம் பாப்பாரு, ரூமுக்குப் போயிருவாரு, லைட்டு விடிய விடிய எரியும். ஆமை முட்ட வைக்கிற மாசம் கரைப்பக்கம் எல்லா லைட்டையும் பாத்துக்கங்க, பொரிச்ச ஆமைக்குஞ்சு வெளிச்சத்தப் பாத்து கடலுக்குப் பதிலா ரோட்டுக்கு ஏறிரும்.

ராத்திரி டார்ச் அடிச்சு பார்ல முங்கிப் பாக்கலாமா?

மொதல்ல, தீவுகளச் சுத்தி 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியில்லாம உள்ள போகவே கூடாது. வெளிய இருக்கிற பார்லயும் தூங்குற கிளிமீன் மேல டார்ச்ச நேரா அடிச்சா அது அரண்டு பொந்த விட்டு ஓடி பாறையில முட்டிக்கும், நான் சின்னப்பிள்ளையில அந்தப் பாவத்தச் செஞ்சிருக்கேன். தூங்குற மீன வெளிச்சம் போட்டுக் குத்துறது வேட்டையே கெடையாது, பொந்துல படுத்திருக்கிறத பொறுக்குறது.

அணைச்சுட்டா எத்தனை வருஷத்துல சரியாகும்?

வருஷமா? பிளாஸ்டிக்க அள்ளணும், சாயம் கரையணும், லைட்டுக்கு ஸ்விட்ச் இருக்கு. அந்தக் கோமாளி மீன் சோதனையிலயே லைட்ட எடுத்ததுக்கு அப்புறம் வெச்ச முட்டை சாதாரணமாப் பொரிச்சுச்சு. போன பருவத்துல பொறக்காமப் போனது திரும்ப வராது, அழிஞ்ச பவளம் நாள் எடுக்கும், ஆனா இருட்டுங்கிற பொருளு அன்னிக்கு ராத்திரியே வந்துரும்.

நான் கண்ணால பாத்தது ஒண்ணு. அதே ஜெட்டி, அதே சாஞ்ச லைட்டு, பக்கத்துல மொதல் கேள்வி கேட்ட மாமா தூண்டிலோட. திடீர்னு கரண்டு போச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல, அப்புறம் நட்சத்திர வெளிச்சத்துல தண்ணி லேசாத் தெரிய ஆரம்பிச்சுச்சு. நெத்தலி வட்டம் ஒரு பக்கமா அவுந்து, சொரசொரன்னு மழை பெய்யிற மாதிரி ஒரு சத்தம், பத்து நிமிஷத்துல ஒண்ணும் இல்ல. பாரை பாயிற சத்தமும் நின்னு போச்சு. மாமா இன்னும் ரெண்டு தடவ எறிஞ்சு பாத்துட்டு, "கரண்டு எப்பப்பா வரும்"னு என்கிட்டயே கேட்டுக்கிட்டு தூண்டிலச் சுருட்டுனாரு.